படி இறங்கும் தண்ணீர்

அஜந்தாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் பத்மபாணியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பேச இருப்பது அந்தக் குகைகளுக்குப் பக்கத்தில் விழுகிற அருவியைப் பற்றி. ஆனால் அங்கே நேராகப் போய்விட முடியாது. முதலில் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம், எங்கள் கொல்லையில் காய்ந்து கிடக்கும் ஒரு போர்வெல்லை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.

அது நாலாவது போர். முதல் போர் நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தூர்ந்துபோனது. இரண்டாவது 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது நின்றது. மூன்றாவது இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, மாட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும். போன ஏப்ரலில் அப்பா நாலாவதுக்கு நாள் குறித்தார். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். கொல்லையின் வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றதாம். அந்த இடத்தில் ஒரு குச்சியை அடித்துவிட்டுப் போனார். நான் புனேயிலிருந்து போனிலேயே சிரித்தேன். "மிஷின் வச்சுப் பாக்குறவங்களக் கூப்பிடலாமேப்பா" என்றேன்.

"அவுகளும் வந்தாக. அவுகளும் அதே எடத்தத்தான் காட்டுனாக" என்றார். இன்ஜினியரிங் படித்தவன் அதற்குமேல் என்ன சொல்ல?

வந்தது திருச்செங்கோட்டு வண்டி. எங்கள் பக்கம் போர் போடுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். கம்ப்ரசர் போடும் சத்தத்தில் பக்கத்து ஊர் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். கேசிங் பைப் இறக்கியபிறகு பாறை ஆரம்பிக்கும். அதிலிருந்து அடிக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும், ஆழம் கூடக்கூட அடிக்கான காசும் கூடும். ஒவ்வொரு நூறு அடிக்கும் அப்பாவிடமிருந்து போன் வந்தது. 300-ல் கொஞ்சம் ஈரம் தட்டியது என்றார். அந்த ஈரம் ஈரமாகவே நின்றுவிட்டது. 400, 500, 600. வெறும் வெள்ளை மாவு. விடியும்போது கொல்லை முழுக்க, பக்கத்துத் தைலமரக் காடு வரைக்கும், கோலமாவு கொட்டிய மாதிரி கிடந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். 900 அடியில் வண்டிக்காரர் ராடைக் கழற்ற ஆரம்பித்தார்.

காலையில் பில் வந்தது. ரெண்டு லட்சத்துச் சொச்சம், என் கணக்கிலிருந்து போனது. அன்றைக்கு எனக்கு வேலையிலும் ஏதோ ஒரு எரிச்சல். போனை எடுத்த அப்பாவிடம், "பாறையத் தொளைச்சுத் தொளைச்சு என் சம்பளத்த மாவாக்குறீங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சரிய்யா" என்றார். போன் அம்மா கைக்குப் போனது. அதற்குப் பிறகு நாலு மாசம் அது அம்மா கையிலேயே இருந்தது.

*

ஆகஸ்டில் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் அஜந்தா கிளம்பினோம். முந்தின ராத்திரி சம்பாஜிநகரில் தங்கினோம், பழைய ஔரங்காபாத். காலையில் வாடகை வண்டி. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும், வழியில் இருக்கும் சில்லோடு பக்கத்துக்காரர். மராத்தியில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'பாவூ' என்று கூப்பிட்டோம். வழி முழுக்கப் பச்சை. பருத்தி, மக்காச்சோளம், நடுவில் கன்னங்கரேலென்ற மண். புதுக்கோட்டைச் செம்மண்ணைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கறுப்பு மண் மேல் கொஞ்சம் பொறாமை வரும். எனக்கு நிறையவே வந்தது.

அந்த மண் எரிமலையில் பிறந்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, இந்தியத் தட்டு இந்தியப் பெருங்கடலில் வடக்கு நோக்கி மிதந்துகொண்டிருந்தபோது, தரை பிளந்து குழம்பு வழிந்திருக்கிறது. நாம் படங்களில் பார்க்கிற கூம்பு மலை வெடிப்பு இல்லை. நீளநீளமான வெடிப்புகளிலிருந்து பால் பொங்கி வழிகிற மாதிரி வழிந்து, ஆறி, அதன்மேல் மறுபடி வழிந்து, மறுபடி ஆறி, அடுக்கடுக்காக. இன்றைக்கு மிச்சமிருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் கனம் 2 கிலோமீட்டரையும் தாண்டும்.

அந்தக் குழம்பை மேலே தள்ளிய சூடு பூமிக்கடியில் இன்னும் இருக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தட்டு நகர்ந்துவிட்டது, அடுப்பு நகரவில்லை. இப்போது அந்த அடுப்புக்கு மேலே இருப்பது ரீயூனியன் தீவு. அங்கே ஓர் எரிமலை இன்றும் அடிக்கடி பொங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கென்று தமிழர்களைக் கப்பலேற்றி இறக்கியதும் அதே தீவில்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். பூமியில் யார் எங்கே போய் யார் நெருப்பில் நிற்பார்கள் என்று சொல்லவே முடியாது.

வண்டியை நாலு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு அவர்களுடைய பேருந்தில்தான் குகைகளுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் கல் விற்கிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வெளியே பார்த்தால் அழுக்கு உருண்டை. இரண்டாக உடைத்ததைத் திறந்து காட்டினால் உள்ளே கற்கண்டு மாதிரி படிகம். குழம்பு ஆறும்போது அதில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அவை. பிறகு எத்தனையோ காலம் பாறை வழியாகக் கசிந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்த உப்புதான் படிகமாக வளர்ந்திருக்கிறது. ஒரு பையன் ஐந்நூறில் ஆரம்பித்தான், நான் நூற்றைம்பதுக்கு வாங்கினேன். அது யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

*

அஜந்தா ஒரு லாடம். வாகோரா ஆறு குதிரை லாட வடிவத்தில் வளைகிறது. வளைவின் வெளிப்புறச் செங்குத்துப் பாறையில் 30 குகைகள் வரிசையாக இருக்கின்றன. பழையவை கிறிஸ்துவுக்கு முந்தையவை, மற்றவை பெரும்பாலும் 5-ஆம் நூற்றாண்டு, வாகாடகர் காலம். லாடத்தின் ஒரு நுனியில் நாம் ஏறுகிறோம். மறு நுனிக்குப் பக்கத்தில் ஆறு மேலேயிருந்து விழுகிறது. குகை எண் ஒன்றின் வாசலில் நிற்கும்போதே சத்தம் கேட்கிறது. முதலில் பேருந்து என்ஜின் சத்தம் என்று நினைத்தேன். உள்ளே போய் பத்மபாணியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் அது நிற்கவில்லை.

ஓவியங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர். நான் அன்று ஒவ்வொரு குகையிலும் சுவரைவிடக் கூரையின் கசிவையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். 10-ஆம் எண் குகைக்குள் 1819 ஏப்ரல் 28-ஆம் தேதி ஜான் ஸ்மித் என்ற வெள்ளைக்கார அதிகாரி நுழைந்திருக்கிறார். நம் மதராஸ் படைக்காரர்தான். புலி வேட்டைக்கு வந்தவர். ஓவியத்தின் மேலேயே தன் பேரையும் தேதியையும் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், நம் ஆட்கள் கல்லூரிச் சுற்றுலாவில் செய்கிற மாதிரி. ஏப்ரல் என்பதால் அன்றைக்கு அருவி இருந்திருக்க வாய்ப்பில்லை. சத்தமே இல்லாத பள்ளத்தாக்கைத்தான் அவர் கண்டிருப்பார்.

புத்த பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் சுற்றக்கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும். இந்தக் குகைகளின் தேவையே அதிலிருந்து வந்தது. அப்படியென்றால் ஓவியர்களும் பிக்குகளும் இந்த இரைச்சலோடுதான் இருந்திருக்கிறார்கள். மழைக்காக ஒதுங்கி, மழையின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

படுத்திருக்கும் பெரிய புத்தர் 26-ஆம் எண் குகையில் இருக்கிறார். அதைத் தாண்டிப் பாதையின் கடைசிக்குப் போனால் அருவி முகத்துக்கு நேரே. அதற்குமேல் போனால் காவலர் விசில் அடிக்கிறார். அதன் பேர் சாத்குண்ட், ஏழு குண்டம். ஒரே மூச்சில் விழுகிற அருவி இல்லை இது. ஒரு படியில் விழுந்து, குண்டத்தில் தேங்கிச் சுழன்று, விளிம்பு தேடி, அடுத்த படிக்கு இறங்குகிறது. நின்ற இடத்திலிருந்து ஏழும் தெரியவில்லை. தெரிந்தவரை எண்ணினேன். மேலே தேநீர் நிறத்தில் கிளம்புகிற தண்ணீர் விழும்போது வெள்ளையாகி, குண்டத்தில் மறுபடி தேநீராகிறது. பாறை கறுப்பு. அதன்மேல் பாசி, தொட்டால் கை சாயமாகிவிடும் போன்ற பச்சை.

கொஞ்சம் பழகியதும் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. பள்ளத்தாக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாறையில் படுக்கைவசமாகக் கோடுகள். யாரோ அடிஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு வழிவு, ஒரு பொங்கல். வழிந்த குழம்பின் அடிப்பாகம் இறுகி இரும்பாகிறது. மேல்பாகம் குமிழி குமிழியாகப் பொத்தலாகிறது. சில இடங்களில் இரண்டு பொங்கலுக்கு நடுவே காலம் கிடைத்து, மண் உண்டாகி, அடுத்த குழம்பு அதன்மேல் வந்து சுட்டு, செங்கல் நிறத்தில் ஒரு வரியாகிக் கிடக்கும். தண்ணீர் மெத்தென்ற அடுக்கைத் தின்றுவிடும். மேலே இருக்கும் கெட்டி அடுக்கு அந்தரத்தில் தொங்கி, ஒருநாள் உடைந்து விழும். அப்படித்தான் இந்தப் படி. இந்த நிலத்தை 'டெக்கான் ட்ராப்' என்கிறார்கள். அந்த 'ட்ராப்' நாங்கள் கோடிங்கில் வைக்கிற பொறி இல்லை. ஸ்வீடன்காரர்கள் மாடிப்படியைச் சொல்லும் 'ட்ராப்பா'விலிருந்து வந்தது. அருவி படி இறங்குகிறது என்று நான் சொன்னால் அது உவமையே இல்லை, அந்த நிலத்தின் பேரே படிக்கட்டு.

எங்கள் ஊரில் ஏன் அருவி இல்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "மல இருக்குல்ல, அது குண்டா இருக்கு, அதான்" என்றார் அப்போது. இன்றைக்கு யோசித்தால் அது சரியான பதில். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் எல்லாமே சமவெளியில் தனித்தனியாகக் கவிழ்த்த சட்டிகள். பூமிக்கடியில் ஆழத்தில் மெதுவாக ஆறி இறுகிய பாறை, 50 கோடி வருஷத்துக்கும் மேல் பழசு. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப்போன பிறகு வெளியே தலைநீட்டியது. அதற்கு அடுக்கு கிடையாது, விளிம்பு கிடையாது. வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரியும். மழை பெய்தால் மொட்டைத்தலையில் ஊற்றின மாதிரி எல்லாப் பக்கமும் வழிந்து போய்விடும். பள்ளமான இடத்தில் கொஞ்சம் தங்கும். அதுதான் சுனை.

அங்கே நின்றபோது இவ்வளவு நிதானமாக எதுவும் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் லிட்டர், யாருமே கேட்காமல், யார் கணக்கிலும் வராமல், சும்மா விழுகிறது. நான் 900 அடிக்குக் காசு கட்டி மாவு வாங்கினேன். போனை எடுத்து 40 விநாடி வீடியோ எடுத்தேன். அப்பாவுக்கு வீடியோ கால் போட நினைத்தேன். சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. நாலு மாசமாகப் பேசாதவரிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்பதும் தெரியவில்லை. சிக்னல் இல்லாதது ஒரு வகையில் வசதிதான்.

*

திரும்பும் வழியில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். "அருவி எப்படி?" என்று பாவூ கேட்டார். இப்படி ஒரு அருவி எங்கள் ஊரில் இருந்திருந்தால் நாங்கள் வெளியூருக்கு வேலைக்கே வந்திருக்க மாட்டோம் என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் புரியவில்லை. ஒரு கிலோமீட்டர் போன பிறகு பேசினார். "பிப்ரவரியில் வாருங்கள். அந்தக் குண்டத்தில் இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு ஏப்ரலில் டேங்கர் வரும். மூன்று ஏக்கர் பருத்தி, கிணறு நாற்பது அடி, அதற்குக் கீழே கறுங்கல். நான் ஏன் வண்டி ஓட்டுகிறேன் என்று நினைத்தீர்கள்?"

நான் பேசாமல் இருந்தேன். மராத்வாடா என்றால் வறட்சி என்று எனக்குத் தெரியாதா என்ன? 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயில் வேகன்களில் தண்ணீர் அனுப்பியதை நானும் செய்தியில் பார்த்தவன்தான். ஆனால் அந்த லாத்தூரும், நான் காலையில் பொறாமைப்பட்ட இந்தக் கறுப்பு மண்ணும், இந்த அருவியும் ஒரே பாறை மேல்தான் இருக்கின்றன என்பது மண்டையில் ஒன்றாகச் சேரவே இல்லை. ராத்திரி ஓட்டல் அறையில் தேடிப் பார்த்தேன். ஔரங்காபாத் வட்டாரத்தின் சராசரி மழை வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். புதுக்கோட்டைக்கு அதைவிட அதிகம். இரண்டு மூன்று தளங்களில் சரிபார்த்தேன். அதிகம்தான். அருவி இருக்கிற ஊரைவிட அருவி இல்லாத எங்கள் ஊரில் மழை கூடுதல்.

கெட்டியான எரிமலைப் பாறைக்கும் எங்கள் கிரானைட்டுக்கும் தண்ணீர் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே கையை மூடிக்கொண்டவை. குமிழிகள் இருந்தாலும் ஒன்றோடொன்று சேராது. விரிசலில் இருப்பதுதான் தண்ணீர். விரிசலும் பெரும்பாலும் மேலேதான், ஆழம் போகப்போக மூடிக்கொள்ளும். பாவூவின் கிணறு நாற்பது அடியோடு நின்றதற்கும், எங்கள் போர் 300 அடியில் ஈரம் காட்டிவிட்டுக் கடைசிவரை மாவு கக்கியதற்கும் காரணம் ஒன்றுதான்.

அதை வண்டியிலேயே அவரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அப்பா போர் போட்ட கதை, 900 அடி, ரெண்டு லட்சம். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "900 வரைக்கும் போகச் சொன்னது யார்?"

இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். 600 அடியில் அப்பா போன் செய்தபோது அவர் சொன்னது, "நிறுத்திருவோம்யா, இது நமக்கு இல்ல" என்று. வண்டிக்காரரும் அதையே சொல்லியிருக்கிறார். நான்தான், "இவ்வளவு தூரம் போயாச்சு, இன்னும் ஒரு நூறு பாத்துருவோம்" என்றேன். 700-லும் சொன்னேன். 800-லும் சொன்னேன். ப்ராஜெக்டில் போட்ட காசுக்காகவே ஒன்றை விடாமல் இழுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஜூனியர் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். காலையில் பில்லைப் பார்த்ததும், அந்த மூன்று நூறும் என் வாயிலிருந்து போனது என்பது மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்பதுகூடப் பொய். அவர் ஞாபகப்படுத்தமாட்டார் என்று தெரியும்.

"நான்தான்" என்றேன். பாவூ தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

சில்லோடில் டீக்கு நிறுத்தியபோது வீடியோவை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்து ஐந்து நிமிஷம் எதுவும் வரவில்லை. நானே அடித்தேன். அப்பாவே எடுத்தார்.

"பாத்தேன். நல்லா ஊத்துது" என்றார். பிறகு, "அந்தத் தண்ணி எங்குட்டு போகுது?"

"கீழ தபதி ஆத்துல போயிக் கலக்குதுப்பா."

"நடுவுல கம்மா எதுவும் இல்லையா?"

"கீழ ஒரு அணை இருக்காம்."

"ம்."

"அப்பா, அன்னிக்கு 600-லயே நிறுத்திருவோம்னு நீங்க சொன்னீங்க."

கொஞ்ச நேரம் கொல்லையில் ஏதோ பறவை கத்துவது மட்டும் கேட்டது. "அந்த வண்டிக்காரப் பய நல்ல பய. 700-லயே வேணாம்னு சொன்னான். சரி விடு. சாப்டியா?"

*

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மறுநாள் அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு சித்தன்னவாசல் போனேன். எங்களுக்கு அது எட்டும் தூரம்தான். ஆனால் அப்பா அறிவர் கோயிலுக்குள் போய் நாற்பது வருஷம் இருக்கும் என்றார். தமிழ்நாட்டின் அஜந்தா என்று இதைப் போர்டு வைத்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அஜந்தாவை யாரும் மகாராஷ்டிராவின் சித்தன்னவாசல் என்று சொல்வதில்லை. 9-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில் மதுரை இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. கூரையில் குளம் ஒன்று. தாமரை, மீன், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சமணர்களின் சமவசரணத்தில் வருகிற நீர்நிலை அது என்பார்கள்.

அப்பா தலையை அண்ணாந்து ரொம்ப நேரம் நின்றார். கழுத்து வலித்திருக்கும்.

"எரும கொம்பப் பாரு. தண்ணிக்குள்ள எறங்குனதும் தலைய மட்டும் இப்படித்தான் தூக்கும். பாத்து வரஞ்சிருக்கான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "மல மொட்டையாக் கெடக்கு, இவன் கூரையில கம்மாயக் கட்டி வச்சிருக்கான்."

அஜந்தாவில் ஐந்து மணி நேரம் சுற்றியும் எனக்கு இப்படி ஒரு வரி தோன்றவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பிறகு மலை மேல் நாவற்சுனைக்குப் போனோம். சுனைக்குள் தண்ணீருக்கடியில் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில் இருக்கிறது. தண்ணீர் வற்றினால்தான் தெரியும். ஐப்பசி மழை பெய்திருந்ததால் தெரியவில்லை. அப்பா ஓரமாக உட்கார்ந்து கையை விட்டு அளைந்தார். சட்டைப்பையிலிருந்த அஜந்தாக் கல்லை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் படிகம் எப்படி வந்தது என்று சொன்னேன்.

"அப்ப கல்லுக்குள்ள தண்ணி போயிருக்கு."

"போயிருக்கு. லேசுல போகாது, ரொம்ப நாள் எடுத்துப் போயிருக்கு."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். கீழே இறங்கும்போதுதான் கேட்டார்: "மோட்டார் ரூம் கூரத் தண்ணியையும் வாய்க்கா மிச்சத்தையும் அந்த 900-க்குள்ள விட்டா என்ன?"

வீணாய்ப் போன போர்களை இப்படிப் பயன்படுத்துவது புதிதில்லை. பள்ளம் தோண்டி, ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கி, வடிகட்டிய தண்ணீரை மட்டும் உள்ளே விடவேண்டும். சேற்றுத் தண்ணீரை விட்டால் இருக்கிற விரிசலும் அடைத்துவிடும், பக்கத்துக் கிணறும் கெட்டுப்போகும். பாறையில் விரிசலே இல்லையென்றால் தண்ணீர் குழாயில் நிற்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் சொன்னேன். "நிக்கட்டும், நட்டமில்ல" என்றார். இரண்டு நாள் நானும் மண்வெட்டி பிடித்தேன், கை கொப்பளித்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததற்குப் பிறகு, மூடாத போர் என்றால் எங்கள் பக்கத்தில் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கி, தண்ணீர்க் குழாய் போகிற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டோம். அவள் வந்து கையால் அசைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, புனேயில் நான் டீம் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வந்தது. அப்பா. அவராகவே கூப்பிட்டது. மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"மழ வெளுக்குது. இரு, கேளு" என்றார்.

போனை எங்கேயோ கொண்டுபோகிற சத்தம். குடையில் மழை. பிறகு அது தூரமாகி, வேறொரு சத்தம். குழாய்க்குள் ரொம்ப ஆழத்தில் தண்ணீர் போய் விழுகிற சத்தம். தொடர்ந்து, எதிரொலியோடு.

"கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"இதுவும் அருவிதான்டா. ஆளு பாக்கத்தான் முடியாது."

மறுநாளிலிருந்து அவர் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளக்க ஆரம்பித்தார். அந்த அளவைத் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வெறும் எண் மட்டும். மழை விட்ட முதல் நாள் 240 என்று வந்தது. நான் ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். எண் கூடினால் மட்டம் இறங்குகிறது, பாறை எங்கேயோ குடிக்கிறது என்று அர்த்தம். மாறாமல் நின்றால் குழாயில் சும்மா நிற்கிறது.

அடுத்த நாள் 240. அதற்கடுத்த நாளும் 240. மூன்றாம் நாள் 243 வந்தது. கயிறு ஈரத்தில் நீண்டிருக்கலாம் என்று பதில் போட்டேன். "நைலான் கயிறு" என்று வந்தது.

இன்று காலை 251.